மிசிசாகா ரீச்சரும் யப்பான் பட்டும்

ரொறொன்ரோ விமான நிலையத்தில் என் சூட்கேசைத் திறந்த அதிகாரி முதலில் ஒரு சேலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு இன்னொன்றை. பிறகு இரண்டு கையாலும் அள்ளினார். "இதெல்லாம் நீங்கள் உடுத்துவதற்கா?" என்று கேட்டார். முகத்தில் சிரிப்பின் அடையாளமே இல்லை. தங்கை மகள் துளசியின் கல்யாணத்துக்கு என்றேன். "கல்யாணம் எப்போது?" என்றார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கல்யாணம் எப்போது என்று எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை யார் என்றும் தெரியாது. மருமகள் சம்மதிப்பாளா என்பது அவளுக்கே தெரியாது. என்னிடமிருந்த ஆங்கிலத்தில் இவ்வளவையும் விளக்கி முடித்தபோது அவர் மிகவும் களைத்துப்போயிருந்தார். பெட்டியைத் தானே மூடித் தந்து, எல்லாம் நல்லபடி நடக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார்.

நான் வெள்ளவத்தையில் சேலைக்கடை வைத்திருப்பவன். முதலாளியும் நான்தான், பிரித்துக் காட்டிய சேலைகளை இரவு மடித்து வைப்பவனும் நான்தான். தங்கை பவானி கனடாவிலிருந்து ரெலிபோன் எடுத்து, "அண்ணை, ஒரு நல்ல கூறைச் சீலையோடை வாங்கோ. கூறை வீட்டிலை இருந்தா மாப்பிள்ளை தானா வருவான்" என்றாள். தொட்டில் வாங்கி வைத்துவிட்டுப் பிள்ளைக்குக் காத்திருக்கிற கதைதான். ஆனால் தங்கைக்கு நியாயம் சொல்லி வென்றவன் எங்கள் குடும்பத்தில் கிடையாது. கூறையோடு இன்னும் கொஞ்சம் சேலைகளையும் அடுக்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டேன்.

பவானியின் வீடு ஸ்காபரோவில், வோபர்ன் பக்கம், உயரமான அடுக்குமாடி ஒன்றில். லிஃப்ட்டில் ஏறினால் எந்த மாடியில் என்ன கறி என்று மூக்கே சொல்லிவிடும். கனடாச் சாப்பாட்டை ஒரு கை பார்க்கலாம் என்று வந்த எனக்கு முதல் நாள் காலையில் இடியப்பமும் சொதியும், மத்தியானம் நண்டுக்கறி, பின்னேரம் மட்டன் ரோல். எல்லாம் வெள்ளவத்தையைவிட ருசி. எனக்குக் கோபம்தான் வந்தது. இதற்காகவா இவ்வளவு தூரம் பறந்து வந்தேன்? தங்கையின் கணவருக்கு விமான நிலையத்தில் ஷிஃப்ட் வேலை. நான் நின்ற நாள்களில் அவரைப் பெரும்பாலும் போர்வைக்கு வெளியே தெரிந்த இரண்டு பாதங்களாகவே அறிந்துகொண்டேன்.

அன்றிரவு பவானி சங்கதியைச் சொன்னாள். மாப்பிள்ளைப் பெடியன் பக்கத்து நகரமான மிசிசாகாவில். கம்பியூட்டர் வேலை. தகப்பன் இல்லை. தாய் ஊரில் தையல் ரீச்சராக இருந்தவர்.

"துளசி இதுதான் கடைசி எண்டு சொல்லிப்போட்டாள், அண்ணை. இதுவும் குழம்பினா இனிக் கலியாணக் கதையே எடுக்கக் கூடாதாம். அதாலை நீங்கள் உங்கடை சீலைக்கடைக் கதையளை அவிழ்த்துவிடாதேங்கோ. ரீச்சர் என்ன சொன்னாலும் ஓம் போடுங்கோ."

"சூரியன் மேற்கிலை உதிக்குது எண்டு சொன்னா?"

"ஓம், வடிவா உதிக்குது எண்டு சொல்லுங்கோ."

அடுத்த நாள் பார்க்டேலில் இருக்கும் ஒரு சிநேகிதனுக்கு அவன் தாய் தந்துவிட்ட மிளகாய்த்தூளைக் கொடுக்கப் போனேன். தண்டவாளத்தில் ஓடுகிற ஒரு பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். என் இடம் வந்ததும் பின்கதவடியில் நின்றேன். வண்டி நின்றது. கதவு திறக்கவில்லை. "இறக்கம்!" என்று கத்தினேன். கொழும்பில் அந்த ஒரு சொல்லுக்கு எந்த பஸ்ஸும் நிற்கும். இங்கே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், வண்டி புறப்பட்டது. பக்கத்திலிருந்த கிழவர் ஒருவர் கீழ்ப்படியைக் காட்டி, "அதில் காலை வையுங்கள்" என்றார். ஓடுகிற வண்டியிலிருந்து குதிக்கச் சொல்கிறார் என்று நினைத்து மரியாதையாக மறுத்துவிட்டேன். அடுத்த தரிப்பிலும் சொன்னார். மறுபடியும் மறுத்தேன். கடைசியில் அவரே எழும்பி வந்து, என்னைத் தள்ளிவிட்டுத் தன் காலைப் படியில் வைத்தார். கதவு விரியத் திறந்தது. மிதித்தால் திறக்கிற கதவாம். அவர் இறங்க வேண்டிய இடம் எப்போதோ போய்விட்டது, எனக்காகத்தான் இருந்தாராம். இருவரும் ஒன்றாகத் திரும்பி நடந்தோம். மச்சானின் குளிர்க்கோட்டு எனக்கு முழங்கால்வரை தொங்கியது. அந்த மனிதர் வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார்.

சனிக்கிழமை வந்தது. வீட்டில் தேத்தண்ணித் தட்டு ஏந்தி நிற்க மாட்டேன் என்பது துளசியின் முதல் சட்டம். ஊரில் என்றால் கோயில் வீதியில் தற்செயலாகச் சந்திப்பது போலச் சந்திக்கலாம். இங்கே அவள் தெரிவு செய்தது நகரத்து நடுவில் ஒரு காட்சியகம். யப்பான் நாட்டு நாடக உடுப்புகளை வைத்திருக்கிறார்களாம். "மாமாவுக்குப் பட்டுக் காட்டின மாதிரியும் இருக்கும்" என்றாள்.

தற்செயல் என்றால் தற்செயல் போல இருக்க வேண்டும் அல்லவா? வாசலில் இரண்டு குடும்பமும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. பவானி காஞ்சிபுரத்துக்கு மேல் குளிர்க்கோட்டு, காலில் பனிச்சப்பாத்து. எதிரே ஒரு கட்டையான அம்மாள், அவருக்கும் பட்டுக்கு மேல் கோட்டு, பனிச்சப்பாத்து. அதுதான் சற்குணம் ரீச்சர். பக்கத்தில் கழுத்துப்பட்டி இறுக்கி, மூச்சு விடக் கஷ்டப்பட்டுக்கொண்டு மகன் ரமணன்.

"அட, நீங்களும் யப்பான் உடுப்புப் பாக்கவோ வந்தனீங்கள்?" என்றாள் பவானி.

"ஓம், எங்களுக்கு இதிலை சரியான விருப்பம்" என்றார் ரீச்சர், வாழ்நாள் முழுக்க யப்பான் உடுப்புப் பார்த்தே வளர்ந்தவர் போல.

உள்ளே வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். பட்டுக்கு வெளிச்சம் ஆகாது, எனக்கு அது தெரியும். கடையில் நானும் வெயில் பக்கத்தில் நல்ல சேலையைத் தொங்கவிட மாட்டேன். ஒவ்வொரு அங்கியும் இரண்டு கைக்குள்ளாலும் ஒரு தடியைச் செருகி, கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி விரித்து நின்றது. முன்னால் ஒரு மெல்லிய கயிறு. துளசி பலகைகளைப் படித்துத் தமிழில் சொன்னாள். இது நோ என்ற பழைய நாடகம். ஆண்கள்தான் பெண் வேடமும் கட்டுவார்கள். உடுப்பில் சிவப்பு இருந்தால் இளம்பெண், சிவப்பு இல்லாவிட்டால் வயதானவள். இதைக் கேட்டதும் பவானி தன் சேலையைக் குனிந்து பார்த்தாள். கரையில் ஒரு விரலளவு சிவப்பு இருந்தது. நிம்மதியானாள்.

பிறகு அந்தச் சிவப்பு அங்கிக்கு முன்னால் வந்தோம். என் கால்கள் நின்றுவிட்டன. சேலையோடு வாழ்கிறவன், பட்டைக் கண்டு வாய் பிளக்கிற ஆள் இல்லை. இது வேறு. பொன்னில் கட்டம் கட்டமாகப் பின்னல், அதற்கு மேல் செவ்வந்திப் பூக்கள், வெள்ளையும் பச்சையும் ஊதாவுமாக, பிடுங்கலாம் போல துணிக்கு மேலே புடைத்து நின்றன. உண்மையைச் சொன்னால் எனக்குக் கண் கலங்கியது.

"என்ன வடிவான தையல்" என்றார் ரீச்சர். "உந்தப் பூ ஒண்டைத் தைச்சு முடிக்கவே எவ்வளவு நாள் வேணும்."

நான் உதட்டைக் கடித்தேன். பவானியின் பனிச்சப்பாத்து என் காலில் ஏறியது. ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. அதற்குள் ரீச்சர் நேரடியாகவே கேட்டுவிட்டார்.

"தம்பி, நீங்கள் சீலைக்கடை வைச்சிருக்கிறியளாம். இப்பிடித் தையல் எங்கையாவது கண்டிருக்கிறியளோ?"

"தையல் இல்லை, ரீச்சர். உது தறியிலை நெய்தது. பொன் முழுக்க அசல் சரிகை."

சப்பாத்து இன்னும் அழுத்தியது. ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "ஊரிலை பாதிப் பெட்டையளுக்கு ஊசி பிடிக்கப் பழக்கினது நான். நெய்தா இப்பிடிப் புடைச்சு நிக்குமோ?"

"பூ வாற இடத்திலை மட்டும் நூலைத் தளர விட்டு நெய்தா நிக்கும்."

"நூல் தளர்ந்தா ஊசியிலைதான்."

"தறியிலையும் தளரும்."

பலகையில் என்ன போட்டிருக்கிறது என்று துளசியைக் கேட்டோம். 'பட்டு, பொன்' என்று போட்டிருக்கிறதாம். அதற்குமேல் ஒன்றும் இல்லையாம். இவ்வளவு பெரிய கட்டடம் கட்டி, இந்த ஒரு முக்கியமான விஷயத்தை எழுத மறந்துவிட்டார்கள்.

"உள்பக்கத்தைப் பாத்தாத் தெரிஞ்சுபோகும்" என்றோம் ரீச்சரும் நானும் ஒரே குரலில். அன்று நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது. தமிழ்க் கல்யாண வீடுகளுக்குப் போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் கண்டால், சுகம் விசாரிக்கும்போதே கை போய் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துத் திருப்பி உள்பக்கம் பார்க்கும். முன்பக்கம் யாரையும் ஏமாற்றும், உள்பக்கம் ஏமாற்றாது. எங்கள் இருவருக்கும் அந்தக் கணத்தில் இது யப்பானியருடைய சொத்து, நடுவில் கயிறு இருக்கிறது என்பதெல்லாம் தோன்றவில்லை. ரீச்சர் என் கோட்டின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டார். நான் கயிற்றுக்குக் கீழால் தலையை நீட்டி, அங்கியின் கீழ் ஓரத்தை அண்ணாந்து பார்க்க முயன்றேன்.

எங்கேயோ ஒரு மணி கீச்சென்று அடிக்கத் தொடங்கியது. காவலாளி ஓடி வந்தார். "ஐயா, தயவுசெய்து தலையை வெளியே எடுங்கள்" என்றார். மிக மரியாதையான மனிதர். ஆனால் ரீச்சர் கோட்டை விட்டால்தானே நான் வெளியே வர முடியும்? "தெரிஞ்சதோ, தம்பி?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ரமணன் வந்து தாயின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான்.

அடுத்து எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்தில் போய் இருந்தோம். இரண்டு பாண் துண்டுக்கு நடுவில் வெள்ளரிக்காய் வைத்த ஒரு குளிர்ந்த சான்ட்விச் கிடைத்தது. கடைசியில் கனடாச் சாப்பாடு என்று சந்தோஷமாகக் கடித்தேன், ஒரு ருசியும் இல்லை. வெளிச் சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்ற அறிவித்தலுக்குக் கீழே அமர்ந்து ரீச்சர் தன் பையிலிருந்து கட்லட் பொட்டலத்தை எடுத்தார். எல்லோருக்கும் இரண்டு இரண்டாக வைத்தார். எனக்கு ஒன்று, அதுவும் உடைந்தது. பிறகு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "முடிஞ்சுது, அண்ணை. நாசமாக்கிப்போட்டியள்" என்று பவானி என் காதுக்குள் சொன்னாள். தங்கை மகளின் வாழ்க்கையை ஒரு பூவுக்காக உடைத்துவிட்டேனோ என்று பயந்தேன். மேசையின் மறுமுனையில் ரமணன் துளசியிடம் கெச்சப் வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். அதுவரை அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

அப்போது ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். மேல்மாடி மண்டபத்தில் கியோட்டோவிலிருந்து வந்த ஓர் அம்மையார் நாடக உடுப்பை எப்படி உடுத்துவது என்று செய்து காட்டப்போகிறாராம், வேடம் கட்டிக்கொள்ளச் சபையிலிருந்து ஓர் ஆள் வேண்டுமாம். துளசி மொழிபெயர்த்து முடிப்பதற்குள் ரீச்சர் சுவரை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்கள் ஏறுங்கோ. உடுத்திவிட்டாப் பிறகு ஓரத்தைத் திருப்பிப் பாக்க ஆர் தடுக்கப்போகினம்?"

அந்தப் புத்திசாலித்தனத்துக்கு முன்னால் நான் சரணடைந்தேன். இதைச் செய்தாலாவது ரீச்சரின் மனம் இளகாதா என்ற ஆசையும் இருந்தது.

மண்டபம் நிறையச் சனம். மேடையில் அந்த அம்மையாரும் அவருடைய உதவிப் பெண்ணும். கொண்டுவந்திருந்தது அதே வகை அங்கி, பழையதைப் பார்த்துப் புதிதாகச் செய்தது. நல்ல சிவப்பு. அதாவது எனக்கு இளம்பெண் வேடம். கோட்டைக் கழற்றினார்கள். முதலில் உடம்பைப் பருமனாகக் காட்டப் பஞ்சு வைத்துக் கட்டுவது வழக்கமாம். அம்மையார் என் வயிற்றை ஒருதரம் தட்டிப் பார்த்துவிட்டு, "இவருக்குப் பஞ்சு தேவையில்லை" என்று மெல்லிய ஆங்கிலத்தில் சபைக்கு அறிவித்தார். சபை கைதட்டியது. ரமணன் முன்வரிசையில் இருந்து, தாய்க்கும் பவானிக்கும் எல்லாவற்றையும் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான்.

அங்கியைப் போட்டதும் உதவி செய்வோம் என்று நானே வலப்பக்கத்தை இடப்பக்கத்துக்கு மேலே இழுத்து மூடினேன். அம்மையார் பட்டென்று என் கையில் அடித்தார்.

"அங்கிள், பிணத்துக்குத்தான் அப்பிடிச் சுத்துவினமாம்" என்றான் ரமணன்.

பிறகு நாடா நாடாவாகக் கட்டி இறுக்கினார்கள். தலையில் கறுப்புப் பொய்முடி. கையில் விசிறி. காலைத் தூக்காமல் தரையில் தேய்த்தபடி நடக்க வேண்டும் என்றார்கள். தூக்கச் சொன்னாலும் முடிந்திராது. சபைக்கு முன்னால் தலை குனிந்து, அடி அடியாக நகர்ந்து வந்தபோதுதான் யோசித்தேன். மாப்பிள்ளை வீட்டார் முன்வரிசையில் இருக்கிறார்கள். பெண்ணும் பக்கத்தில் இருந்து வேடிக்கை பார்க்கிறாள். பெண் பார்க்கும் சடங்கில் பெண்ணாக நடந்து வருவது நான். பவானி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். துளசி சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து சரிந்துகொண்டிருந்தாள்.

ரீச்சர் எழுந்தார். பனிச்சப்பாத்தோடு மேடையில் ஏறி, என் கால்மாட்டில் குந்தியிருந்து, அங்கியின் ஓரத்தை இரண்டு விரலால் திருப்பினார்.

உள்ளே வெறும் செம்மஞ்சள் பட்டு. அங்கிக்கு முழுக்க உள்துணி கொடுத்துச் சுற்றிவரத் தைத்திருந்தார்கள். பூவின் பின்பக்கம் அதற்குள்ளே பத்திரமாக இருந்தது. ரீச்சர் என்னை அண்ணாந்து பார்த்தார். நான் அவரைக் குனிந்து பார்க்க முயன்றேன், நாடா விடவில்லை.

என்ன தேடுகிறார் என்று அம்மையார் கேட்க, ரமணன் எங்கள் வழக்கை விளக்கினான். அம்மையார் தன் கைப்பையைத் திறந்து, அதே துணியில் கைக்குட்டை அளவு துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார். தைக்காத துண்டு, உள்துணி இல்லை. காலையிலேயே வந்து கேட்டிருந்தால் தந்திருப்பாராம்.

ரீச்சர் துண்டைத் திருப்பி விளக்குக்கு நேரே பிடித்தார். கண்ணாடியைக் கழற்றி, துணியைக் கண்ணுக்கு அருகே கொண்டுவந்தார். நகத்தால் நூல் நூலாகத் தடவினார். மண்டபம் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது தையலாக இருந்துவிடட்டும் என்று முதல் தடவையாக வேண்டிக்கொண்டேன்.

"முடிச்சு இல்லை" என்றார். "நூல் எல்லாம் ஒரே நேராக் குறுக்கை போகுது. ஊசி இப்பிடிப் போகாது. நெய்ததுதான்." பிறகு சபைப் பக்கம் திரும்பி, "நான் சொன்னது பிழை. தம்பி சொன்னதுதான் சரி. ரமணன், அவைக்கும் இதைச் சொல்லு" என்றார். ரமணன் ஒரு சொல்லையும் மழுப்பாமல் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னான். யாரும் கேட்காமலே சனம் கைதட்டியது.

அம்மையாருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. பொன் நூலைப் பற்றியும் சொன்னார். ரமணன் கொஞ்சம் தயங்கினான். "அங்கிள், சரிகை இல்லையாம். கடதாசியிலை பொன்தகடு ஒட்டி, மெல்லிசா வெட்டி நெய்யிறதாம்."

"கடதாசியோ? விசர்க் கதை."

துண்டின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி என் கையில் தந்தார்கள். எங்கள் தொழிலில் சரிகையை நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரிய வேண்டும். சுரண்டினேன். கிழிந்தது.

"இது சும்மா காட்டுறதுக்கு வைச்சிருக்கிற துண்டு. கீழை இருக்கிறது சரிகைதான்" என்றேன். இல்லை, அதுவும் இப்படித்தான் என்றார் அம்மையார். மேடையில் வேர்த்தால் கடதாசி ஊறிப் போகாதா என்று கேட்டேன். நூற்றாண்டுகளாகப் போகவில்லை என்றார். நான் விடவில்லை. பொய்முடியோடும் சிவப்பு அங்கியோடும் மேடை நடுவில் நின்று, விசிறியை நீட்டி நீட்டி வாதாடினேன். கடைசியில் உதவிப் பெண் வந்து, நாடாவை அவிழ்த்து என்னை விடுவித்தாள்.

வாசலில் விடைபெறும்போது ரீச்சர் மிச்சக் கட்லட்டை என் கையில் வைத்தார். பெடியனும் பெட்டையும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். தற்செயல் முடிந்தது.

துளசிதான் கார் ஓட்டினாள். நெடுஞ்சாலையில் ஏறியதிலிருந்து பவானி அழத் தொடங்கிவிட்டாள். "அவ்வளவு சனத்துக்கு முன்னாலை அந்த மனுசியைப் பிழையாக்கிப்போட்டு வாறம். இனி எந்த முகத்தோடை சம்மந்தம் கதைக்கிறது?" பின்சீற்றில் நான் கட்லட்டைச் சாப்பிட்டபடி, கடதாசியில் பொன் எந்தக் காலத்திலும் ஒட்டாது என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, ரீச்சர் வீட்டாருக்கு ஓம் எண்டு சொல்லுங்கோ" என்றாள் துளசி.

பவானியின் அழுகை அப்படியே நின்றுவிட்டது. "பெடியனைப் பிடிச்சிருக்கோ?"

"அவனை இன்னும் தெரியாது. ரெண்டு மூண்டு தரம் கோப்பி குடிச்சுக் கதைச்சாத்தான் தெரியும். மாமியைத் தெரிஞ்சிட்டுது. தன்ரை தொழிலிலை, ஒரு மண்டபம் சனத்துக்கு முன்னாலை, 'நான் சொன்னது பிழை' எண்டு சொன்னவ. அதை மகனைக் கொண்டே சொல்லுவிச்சவ. நான் பிறந்ததிலையிருந்து எங்கடை வீட்டிலை ஒருத்தர் வாயிலையும் அந்தச் சொல் வந்து கேக்கேல்லை. மாமா இன்னும் கடதாசியோடை சண்டை பிடிச்சுக்கொண்டிருக்கிறார்."

நான் வாயிலிருந்த கட்லட்டை விழுங்கினேன். பவானி மூக்கைத் துடைத்தாள், கண்ணைத் துடைத்தாள், இருக்கைப் பட்டியைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ரீச்சர் நல்ல மனுசி எண்டு நான் முதலே சொன்னனான்தானே" என்றாள். "நான் ஒருநாளும் ஆக்களைப் பிழையாக் கணிக்கிறேல்லை."

துளசி சிரித்த சிரிப்பில் வீட்டுக்குத் திரும்பும் பாதையைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டோம்.